சொந்தமாக ஒரு ஸ்னூக்கர் கியூ: கடைச் சரக்கா, கை வேலையா, அளவு சொல்லிச் செய்விப்பதா, பழையதைச் சீர்செய்வதா?

திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுகளாகக் கிளப் சுவரில் சாய்ந்து நிற்கும் பொதுக் கியூவிலேயே, அதாவது பந்தை அடிக்கும் கோலிலேயே, ஆடிவருகிறார். இப்போது முப்பது, நாற்பது புள்ளிகள் வரை தொடர்ந்து எடுக்கிறார். "சொந்தமா ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேனுங்கண்ணா. கடைக்காரர் ஒண்ணு சொல்றாருங்க, கூட ஆடறவங்க வேற சொல்றாங்க. எதைங்க எடுக்கறது?" என்பது அவர் கேள்வி. பொள்ளாச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் இதே கேள்வி வேறு சொற்களில் வந்திருப்பதால், ஒருவருக்குச் சொல்லும் பதிலை எல்லாருக்குமாக விரித்து எழுதுகிறேன்.

அவர் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும் இயந்திர ஒட்டுக் கியூவை வாங்கலாம். தாய்லாந்திலிருந்தோ சீனாவிலிருந்தோ வரும் கை ஒட்டுக் கியூவை ஆயத்த நிலையில் வாங்கலாம். கைவினைஞர் ஒருவரிடம் தன் உயரமும், கியூவுக்கு வேண்டிய எடையும், டிப் (பந்தைத் தொடும் தோல் முனை) அளவும் சொல்லிச் செய்விக்கலாம். கிளப்பில் கழித்துப் போட்ட பழைய ஆஷ் மரக் கியூ ஒன்றைக் கேட்டு வாங்கி, நம் ஊர்ப் பட்டறையில் சீர்செய்துகொள்ளலாம். எதில் எவ்வளவு பணம் போகிறது என்பதற்கு முன்னால், நல்ல கியூ என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கடையில் நம் கண் போகும் இடம் ஒன்று, ஆட்டத்தைத் தீர்மானிக்கும் இடம் வேறொன்று.

எதைக் கொண்டு அளப்பது

கண் போவது பிடிப்பக்கத்துக்கு. கருங்காலியின் பளபளப்பும், அதன் மேல் ஏறிச் செல்லும் நான்கு கூர்களும், இடையில் இழையும் வண்ண மரக்கீற்றுகளும் யாரையும் மயக்கும். ஆனால் டிப்புக்கும் பந்துக்கும் இடையிலான தொடுகை நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. பந்தின் நடுவை விட்டு இடமோ வலமோ விலகி அடிக்கும்போது, அந்த நேரத்துக்குள் கியூவின் முனை பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. முனையும் பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. சைடு வைத்து அடித்த வெள்ளைப் பந்து நாம் குறிவைத்த கோட்டை விட்டுச் சற்று விலகி ஓடுவது இதனால்தான். அவ்வளவு குறுகிய நேரத்தில் பக்கவாட்டு அசைவு தண்டின் முன்னுனியில் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு மேல் எட்டுவதில்லை. ஆகவே அந்த ஒரு சாணின் எடை எவ்வளவு குறைவோ, விலகலும் அவ்வளவு குறைவு. மெல்லிய முனை, டிப்புக்குக் கீழே முனையைச் சுற்றியிருக்கும் குட்டையான பித்தளைப் பூண், சிறிய டிப் ஆகியவை விலகலைக் குறைக்கின்றன. தடித்த முனையும் கனமான பூணும் அதைக் கூட்டுகின்றன.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. விலகலே இல்லாத கியூ என்று ஒன்று கிடையாது. அடிக்கு அடி ஒரே அளவில் விலகும் கியூவே நல்ல கியூ. ஒரே அளவில் விலகினால் கை அதைக் கற்றுக்கொள்ளும். தண்டின் விறைப்பு ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருந்தால், கியூவைச் சற்றுத் திருப்பிப் பிடித்தாலே விடை மாறிவிடும். கையோ அந்தக் குற்றத்தைத் தன் மேல் ஏற்றிக்கொண்டு தன் பாணியைக் கெடுத்துக்கொள்ளும்.

அடுத்தது தண்டின் மரம். ஸ்னூக்கரில் ஆஷ், மேப்பிள் என்னும் இரண்டுதான் பெரும்பாலும் வழங்குகின்றன. ஆஷ் மரத்தின் ரேகைகள் தெளிவாகத் தெரியும். நல்ல தண்டில் அவை அம்பு முனைகள் அடுக்கியது போல ஒழுங்கான இடைவெளியில் வரும். நெருக்கமாக ஓடும் நேரான ரேகை, பக்கவாட்டில் நழுவிப் போகாத நார், இவை இரண்டும் இருந்தால் தண்டு விறைப்பாகவும் நெடுங்காலம் நேராகவும் இருக்க வாய்ப்பு அதிகம். ரேகை பாதி வழியில் தண்டின் ஓரத்தை விட்டு வெளியேறுவது போலத் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம். மேப்பிளின் ரேகை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. மேற்பரப்பு ஆஷைவிட வழவழப்பானது. ஈரோட்டுச் சித்திரை வெயிலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடும் அறையில், வியர்த்த கையில் வழுக்கிச் செல்வதில் மேப்பிளுக்கே சிலர் முதலிடம் தருகிறார்கள். ஆஷில் இன்னொரு வசதி உண்டு: அம்பு ரேகையை மேல்பக்கம் வைத்து ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் கியூவைப் பிடிக்கலாம். நான் ஆஷ் பக்கம் சாய்ந்தவன். அது பழக்கத்தால் வந்த சாய்வு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எடை, நீளம், சமநிலை ஆகியவற்றில் பெரிய மர்மம் இல்லை. பெரும்பாலான கியூக்கள் 57 அல்லது 58 அங்குலம் நீளமும், 17 முதல் 19 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 480 முதல் 540 கிராம் எடையும் கொண்டவை. டிப் 9 முதல் 10 மில்லிமீட்டர். பிடியின் அடியிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் ஒரு விரலில் நிறுத்தினால் தராசு போல நிற்க வேண்டும். விதிப்படி கியூ மூன்று அடிக்குக் குறையக் கூடாது. அந்த எல்லை யாரையும் தடுக்கப்போவதில்லை. விதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்த இந்த ஆட்டத்துக்கு 1882இல் விதிகள் எழுதப்பட்ட இடம், நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையேறினால் வரும் ஊட்டி கிளப். விதி மலையிலிருந்து இறங்கி வந்தும், நல்ல கியூவுக்கு நாம் இன்னும் கடல் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வழி: கடையில் கிடைக்கும் இயந்திர ஒட்டுக் கியூ

இதில் தண்டும் பிடியும் தனித்தனியாகக் கூராக வெட்டப்பட்டு, ஒன்றின் பிளவுக்குள் மற்றொன்று செருகி ஒட்டப்படுகின்றன. கருப்பு மரம் தண்டின் மேல் ஏறும் இடத்தில் ஊசி போன்ற நான்கு கூர்கள் தெரிந்தால் அது இயந்திர வேலை. அது குறைபாடு ஆகாது. ஒட்டு உறுதியாக இருந்தால் பந்துக்கு அதைப் பற்றித் தெரியாது. குறைபாடு வேறிடத்தில் இருக்கிறது: மலிவுக் கியூவுக்கு யாரும் மரத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதில்லை. ஒரே அடுக்கில் பத்துக் கியூக்கள் இருந்தால் அதில் இரண்டு அருமையாக இருக்கும், ஐந்து சுமாராக இருக்கும், மிச்சத்தை வாங்கக் கூடாது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர் நாடாவைக் கையில் தடவிப் பார்த்துத்தான் எடுப்பார். அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும்.

மலிவுக் கியூவைக் கேவலமாகப் பேசுபவர்களுக்கு ஸ்டீபன் ஹென்ட்ரியைச் சொல்லலாம். 1990 முதல் 1999 வரை ஏழு உலகப் பட்டங்களையும் அவர் சிறுவயதில் வாங்கிய விலை குறைந்த ஒரு கியூவிலேயே வென்றார். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது.

மறைசெலவு மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது. கூடவே வரும் டிப் பெரும்பாலும் தரமற்றது. வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிட வேண்டியிருக்கும். கூட வரும் துணிப்பை கியூவைத் தூசியிலிருந்து காக்குமே தவிர அடியிலிருந்து காக்காது. மூன்றாவது, மிக மலிவானவற்றில் கருங்காலி என்று காட்டப்படுவது சாயம் ஏற்றிய வேறு மரம். சிலவற்றில் அந்தக் கூர்களே ஒட்டிய படங்கள். கருங்காலி மாலையில் ஏமாந்து பழகிய நம் ஊருக்கு இது புதிதன்று.

இன்னொரு பொறியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூல் மேசைகள் பெருகிவிட்டதால் பல கடைகளில் பூல் கியூவே முன்வரிசையில் இருக்கும். அதன் டிப் 12 அல்லது 13 மில்லிமீட்டர், 57.15 மில்லிமீட்டர் பந்துக்காகச் செய்யப்பட்டது. 52.5 மில்லிமீட்டர் ஸ்னூக்கர் பந்தில் அந்த அகன்ற முனையை வைத்தால் எந்தப் புள்ளியைத் தொடுகிறோம் என்றே தெரியாது. தோற்றம் பிடித்தது என்று அதை வாங்கி வருந்தியவர்கள் பலர்.

ஆட்டம் ஆடிக்கொண்டே இருப்போமா என்று உறுதியில்லாதவருக்கும், இன்னும் இருபது புள்ளிகளைத் தாண்டாதவருக்கும் இந்த வழியே சிறந்தது. இருபது கியூக்களைப் புரட்டிப் பார்க்க அனுமதிக்கும் கடை கிடைத்தால், இந்த வழியில் வாங்கியது இதைவிட விலை கூடியதைத் தோற்கடிக்கவும் கூடும்.

இரண்டாவது வழி: ஆயத்தமாகக் கிடைக்கும் கை ஒட்டுக் கியூ

கை ஒட்டில் தண்டு மரம் பிடியின் அடிவரை ஒரே துண்டாக ஓடுகிறது. அதன் நான்கு பக்கங்களையும் தட்டையாகச் சீவி, ஒவ்வொன்றிலும் கருங்காலிப் பலகையை ஒட்டி, பிறகு மொத்தத்தையும் இழைப்புளியால் உருட்டி எடுக்கிறார்கள். தட்டையான பலகை கூம்பு வடிவத் தண்டைச் சந்திக்கும் இடத்தில் வளைந்த மேல்முனை தானாக உருவாகிறது. இயந்திரக் கூரின் ஊசிமுனையிலிருந்து இதைப் பிரித்தறியும் அடையாளம் அதுவே.

இந்த வேலைப்பாட்டினால்தான் கியூ நன்றாக ஆடுகிறது என்று நான் நம்பவில்லை. இவ்வளவு உழைப்பைக் கொட்டப் போகிறவர் மோசமான தண்டைத் தேர்ந்தெடுக்க மாட்டார் என்பதே உண்மையான பயன். தண்டை ஒரே நாளில் கடைந்து முடிக்காமல், சிறிது கடைந்து, மாதக்கணக்கில் காயவிட்டு, கோணினால் கழித்துவிட்டு, மறுபடி கடைவது நல்ல தயாரிப்பாளர்களின் வழக்கம். அந்தப் பொறுமைக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

ஆனால் "கை ஒட்டு" என்ற சொல்லே இப்போது விளம்பரச் சொல்லாகிவிட்டது. இணையத்தில் படம் பார்த்து வாங்கும்போது பிடியின் படங்கள் ஆறு இருக்கும், தண்டின் படம் ஒன்றுகூட இராது. டிப்பிலிருந்து ஒன்றரை அடி வரை ரேகை தெரியும்படி நான்கு பக்கமும் படம் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். சுங்கவரி, அனுப்புகைச் செலவு இரண்டும் விலைக்கு மேல் சேரும். கோணலாக வந்தால் திருப்பி அனுப்புவது ஏட்டில் எளிது, நடைமுறையில் கடினம். இங்கே இறக்குமதி செய்து விற்பவரிடம் நேரில் பார்த்து வாங்கினால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

வாரத்தில் மூன்று, நான்கு நாள் ஆடுபவருக்கும், மாவட்டப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கியவருக்கும் இதுவே பொருத்தமான இடம்.

மூன்றாவது வழி: அளவு சொல்லிச் செய்விப்பது

இங்கிலாந்தில் லண்டனின் ஜான் பாரிஸ் போன்ற புகழ்பெற்ற கைவினைஞர்கள் இருக்கிறார்கள். நீளம், எடை, சமநிலைப் புள்ளி, டிப் விட்டம், பிடியின் பருமன் எல்லாவற்றையும் நாமே சொல்லலாம். கியூ அழகாக இருக்கும். விற்றாலும் விலை போகும்.

இதில் சிக்கல் பணம் மட்டுமன்று. அளவு சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அளவு சொல்லும் உரிமை பயன்படும். 9.5 மில்லிமீட்டரில் ஆடிப் பழகிய ஒருவர், ஏதோ ஒரு பேட்டியில் கேட்டதை வைத்து 9 மில்லிமீட்டர் கேட்டுவிட்டு, வந்தபின் ஆறு மாதம் தன் ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருந்ததை அருகிலிருந்து பார்த்தேன். காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். இன்னொன்று, விலை உயர்ந்த கியூவைக் கிளப்பில் விட்டுவர மனம் வராது. கழிவறைக்குப் போகும்போதுகூடக் கண் அதன் மேலேயே இருக்கும்.

பல ஆண்டுகள் ஒரே கியூவில் ஆடி, அது எங்கே போதவில்லை என்று சொல்லத் தெரிந்தவருக்கே இந்த வழி. எங்கள் மேசையில் ஐவருக்கு அத்தகைய கியூ இருக்கிறது. அவர்களில் இருவருக்குத்தான் அது தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

நான்காவது வழி: பழைய கிளப் கியூவும் பட்டறையும்

கொங்கு நாட்டில் இதற்குத் தனிக் கவர்ச்சி உண்டு. பம்ப்பும் நூற்பாலை உதிரிப்பாகமும் கடையும் லேத்துகள் கோவையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பித்தளையில் நூல் வெட்டுவது அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. பழைய கிளப்புகளிலும், வால்பாறை போன்ற தோட்டப் பகுதிகளிலும், பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய ஆஷ் தண்டுகள் மூலையில் கிடக்கும். இதற்கு மேல் கோணப் போவது கோணி முடிந்திருக்கும். இன்றும் நேராக இருப்பது பெரும்பாலும் நேராகவே இருக்கும்.

ஆனால் அவற்றை அணுகும் முன் முனையைப் பாருங்கள். ஒவ்வொரு டிப் மாற்றும்போதும் யாரோ ஒருவர் உப்புத்தாளால் தண்டையும் சேர்த்துத் தேய்த்திருப்பார். இருபது ஆண்டுகளில் பூணுக்குக் கீழே இடுப்புச் சிறுத்து, தண்டு தன் விறைப்பை இழந்திருக்கும். நீளம் 56 அங்குலத்துக்குக் கீழே போயிருக்கவும் கூடும். பில்லியர்ட்ஸுக்காகச் செய்த சிலவற்றில் முனை தடித்திருக்கும். அதைக் குறைக்கலாம், குறைந்ததைக் கூட்ட முடியாது.

என் அனுபவம் ஒன்று. அருமையான பழைய ஒற்றைத் துண்டுக் கியூ ஒன்றை இரண்டாக்கி ஜாயின்ட் (கழற்றி மாட்டும் பித்தளை இணைப்பு) போட்டுத் தரும்படி பீளமேட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். பித்தளைப் பாகத்தை அவர்கள் கடைந்த நேர்த்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மரத்தில் துளை போடும்போது, இரும்புத் தண்டைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்ததில் தண்டு மிகச் சிறிதளவு சாய்ந்துவிட்டது. இணைத்துப் பார்த்தபோது, முனை கடிகார முள் போல வட்டமிட்டது. கியூவின் கீழ்முனையில் ஒரு நூலளவு சாய்ந்தால் மேல்முனையில் ஒரு விரலளவு ஆகிவிடும் என்பதை அன்று கற்றேன். தவறு அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன். கியூவைப் பிடித்துப் பார்த்திராதவரிடம் ஜாயின்ட் கேட்டது என் தவறு. பூண் கடைவது, பிடியில் எடை சேர்ப்பது, டிப் ஒட்டுவது போன்றவற்றோடு நிறுத்திக்கொண்டால் பட்டறை வழி லாபமானது.

ஒற்றைத் துண்டா, ஜாயின்ட்டா

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்வி கூடவே வரும்.

| வகை | ஆட்டத்தில் | சுமந்து செல்வதில் |
|---|---|---|
| ஒற்றைத் துண்டு | இடையில் உலோகம் இல்லை. உணர்வு சீரானது | ஐந்தடிப் பெட்டி. பேருந்திலும் ரயிலிலும் தொல்லை |
| முக்கால் ஜாயின்ட் | பித்தளை பிடிக்கு அருகில் இருப்பதால் சமநிலை கெடாது | மூன்றரை அடியைத் தாண்டும் பெட்டி |
| நடு ஜாயின்ட் | பித்தளையின் எடை நடுவில் அமர்வதால் முன்பக்கம் கனக்கலாம் | இரண்டரை அடிப் பெட்டி. இருசக்கர வாகனத்துக்கு ஏற்றது |

எட்டாத பந்தை அடிக்கப் பிடியில் மாட்டும் நீட்டிப்புக் குழாய்களின் மரைகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கியூவோடு சேர்த்து வாங்காவிட்டால் பிறகு பொருந்துவது கிடைப்பது அரிது.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை

மேசை மேல் உருட்டிப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கையால் இழைத்த பிடி கச்சிதமான வட்டமாக இராது, நேரான கியூவும் சற்றுத் தள்ளாடும். பிடியைக் கண்ணருகே வைத்து, தண்டின் வழியே டிப்பைப் பார்த்து, மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் நேராகவும் மறுநிலையில் வில்லாகவும் தெரிந்தால் கோணல். ஜாயின்ட் உள்ளதை இறுக்கிய பிறகு ஒரு முறை பாருங்கள். பிடியின் அடியை உள்ளங்கையால் தட்டினால், உள்ளே எதுவும் அதிரும் ஓசை எழக் கூடாது. முடிந்தால் வெள்ளைப் பந்தை நடுவில் அடித்து, எதிர்க் குஷனில் பட்டு டிப்புக்கே திரும்பி வருகிறதா என்று பத்து முறை பாருங்கள். பிறகு சைடு வைத்துப் பத்து முறை. பத்தும் ஒரே அளவில் விலகினால் பிடியின் அழகைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

வாங்கியபின் வெயில் காலத்தில் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று ஈரத்தோடு வரும் மாதங்களில் சுவரில் சாய்த்து வைக்காமல் பெட்டியில் கிடத்தி வையுங்கள். மரம் ஈரத்தை வாங்கி, விட்டு, வாங்கி அசைந்துகொண்டே இருக்கும் பொருள். ஆஷ் தண்டில் எப்போதாவது ஆளி விதை எண்ணெய் சில சொட்டு தேய்த்துத் துடைத்தால் போதும். உப்புத்தாள் பக்கம் கை போகவே கூடாது.

திருப்பூர்த் தம்பிக்கு என் பதில் இது. நாற்பது புள்ளி எடுப்பவர் முதல் வழியைத் தாண்டிவிட்டார், மூன்றாவதுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே கோவையில் நேரில் பார்த்து வாங்கக்கூடிய இடத்தில், 9.5 மில்லிமீட்டர் டிப்புடன், முக்கால் ஜாயின்ட் வைத்த, பிடி எளிமையாகவும் தண்டு நேர்த்தியாகவும் உள்ள கை ஒட்டு ஆஷ் கியூ ஒன்றை எடுங்கள். அலங்காரக் கீற்றுகளுக்குப் போகும் பணத்தை உறுதியான பெட்டிக்கும் இரண்டு நல்ல டிப்புக்கும் ஒதுக்குங்கள். அதற்குக் கையிருப்பு இடம் தராவிட்டால், கிளப் செயலாளரிடம் மூலையில் கிடக்கும் பழைய ஆஷ் கியூக்களை ஒரு ஞாயிறு காலை பார்க்க அனுமதி கேளுங்கள். போகும்போது உள்ளூர் ஆசாரி ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஸ்னூக்கர் தெரியாவிட்டாலும், ரேகை ஓடும் விதத்தை அவர் நம்மைவிட விரைவில் பார்த்துவிடுவார்.